குமரிக் கடலில் எழும் குளிர்நீர்

ஆனி மாதத்து மாலை வேளைகளில் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் வீசும் காற்றை அறியாத தமிழர் அந்நகரில் இருக்க இயலாது. நகர இரயில் நிலையத்தை ஒட்டியுள்ள அப்பகுதியின் மாடிகளில், கொடியில் உலரும் வேட்டிகளும் புடவைகளும் நாள் முழுதும் ஒரே திசையில் படபடத்துக்கொண்டிருக்கும். வானம் மூடியிருக்கும், மழையோ பெரும்பாலும் தூறலோடு நின்றுவிடும். ஊரிலிருந்து வரும் உறவினர், "இதென்ன, ஆனியிலேயே இங்கு மார்கழி வந்துவிட்டதா?" என்று வினவிக்கொண்டே போர்வையைத் தேடுவர். இது தென்மேற்குப் பருவக் காற்று என்று பள்ளிச் சிறுவர்களும் கூறிவிடுவர். எனினும், அதே நாட்களில் தெற்கே முந்நூறு மைலுக்கு அப்பால், குமரி முனையைச் சூழ்ந்த கடலில் அதே காற்று மற்றொரு தொழிலையும் செய்துகொண்டிருக்கின்றது என்பது பலர் அறியாத செய்தி. கடலின் ஆழத்தில் இருளிற் கிடக்கும் குளிர்ந்த நீரை அது மேலே இறைக்கின்றது. மன்னார்க் கடலின் வளமும், மலபார்க் கரையின் மீனும், நாம் பெங்களூர்ச் சந்தையிற் கொடுக்கும் விலையும் அந்த இறைவையைப் பொறுத்தே அமைகின்றன. இதனை மனிதர் எவ்வாறு படிப்படியாக அறிந்துகொண்டனர் என்னும் வரலாற்றையே ஈண்டுக் கூற முற்படுகின்றோம். கடலையே காணாத பெங்களூர் நகருக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பது நமக்கே வியப்பளித்த செய்தியாகும்.

நாம் இப்பொருளிற் புகுந்ததற்குக் காரணம் ஒரு சொல். மொழிபெயர்ப்பு நமது தொழில். மத்திய அரசு அலுவலகமொன்றில் தினமும் காகிதங்களைத் தமிழாக்குவது நமது கடமை. சில ஆண்டுகளுக்கு முன் மீன்வளம் பற்றிய துண்டறிக்கையொன்று நமது மேசைக்கு வந்தது. அடிக்கடல் நீர் மேலே வருவதைக் குறிக்கும் சொல் அதில் பத்து இடங்களிலாவது இருந்தது. அகராதி ஒன்று 'மேல்நோக்கு ஓட்டம்' என்றது; மற்றொன்று 'மேலெழுச்சி' என்றது. முன்னது மாடிப்படியை நினைவூட்டியது. பின்னதில் நீரே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சிவாஜி நகரில், 1927-ஆம் ஆண்டு முதல் நின்று வரும் ரஸல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கச் சென்றோம். குமரிக் கரையிலிருந்து வந்து குடியேறிய அம்மையார் ஒருவர் அங்கே சாளை விற்றுக்கொண்டிருந்தார். ஆனி, ஆடியில் உங்கள் ஊர்க் கடல் எப்படியிருக்கும் அம்மா என்று கேட்டோம். "கச்சான் பலமா அடிச்சா தண்ணி ஐசு மாதிரி ஆயிரும் அண்ணாச்சி. அடித்தண்ணி மேல வருதுன்னு எங்க அப்பா சொல்லும். அது வந்துட்டுப் போனாத்தான் பின்னால சாளை வரும்" என்றார். மறுநாள் 'அடிநீர் எழுச்சி' என்று எழுதி அனுப்பிவிட்டோம். மேலதிகாரி மாற்றவில்லை.

அந்த அம்மையாரின் தந்தை கூறியதற்கு விஞ்ஞான விளக்கம் கிடைத்தது வெகு தொலைவில், பனிக்கடலில். நார்வே நாட்டுப் பேரறிஞர் நான்ஸென், 1893 முதல் 1896 வரை 'பிராம்' என்னும் கப்பலை வடதுருவப் பனியில் வேண்டுமென்றே உறையவிட்டு, பனியோடு பனியாக மிதந்து சென்றார். காற்று வீசும் திசையிலேயே பனிப்பாறைகள் செல்லவில்லை. சற்றே வலப்புறமாக ஒதுங்கிச் சென்றன. இதனைக் குறித்துக்கொண்டு வந்த நான்ஸென், ஸ்வீடன் தேசத்து இளைஞரான எக்மனிடம் அக்கணக்கு ஒப்படைக்கப்பெறுமாறு செய்தார். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருப்பதனால், வடகோளார்த்தத்தில் காற்றால் தள்ளப்படும் கடல்நீர் வலப்புறம் திரும்புகின்றது. மேலேயுள்ள நீரடுக்கை மொத்தமாக எடுத்துக்கொண்டால், அது காற்றின் திசைக்கு நேர்க்குறுக்காக வலப்பக்கம் நகர்கின்றது என்று எக்மன் கணக்கிட்டு 1905-இல் வெளியிட்டார்.

இதனை நமது கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். குமரி முனையிலும் இலங்கையின் தென்கரையிலும் நின்றுகொண்டு, கச்சான் காற்றுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கு நோக்கினால், வலக்கை தெற்கே, ஆழ்கடலை நோக்கி நீளும். அத்திசையில்தான் மேல்நீர் விலகிச் செல்கின்றது. கரையிலிருந்து விலகிய நீரின் இடத்தை நிரப்ப வேறு வழியில்லை. அடியிலிருந்தே நீர் வரவேண்டும். மலபார்க் கரையில் அப்பருவக் காற்று வடமேற்கிலிருந்து கரையை உரசிக்கொண்டு தெற்கு நோக்கி வீசுவதால், அங்கும் வலப்புறம் என்பது மேற்கேயுள்ள திறந்த கடலே. ஆகவே அங்கும் அடிநீர் எழுகின்றது. ஆடு சதையுள்ள பாலை ஒருபுறமிருந்து ஊதினால், ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்க, இப்பக்கம் புதுப்பால் தலைகாட்டுவதை அடுக்களையில் கண்டிருக்கின்றோம் அல்லவா? ஏறத்தாழ அதுபோலத்தான். ஆயின் கடலில் இது மிக மெதுவாக நிகழும். நாளொன்றுக்குச் சில மீட்டர் என்பதே அதன் வேகம். சித்திரை, வைகாசியில் 28, 29 பாகை செல்சியஸ் உஷ்ணத்திலிருக்கும் குமரிக் கடலின் மேல்நீர், ஆடியில் 25, 26 பாகைக்கு இறங்கிவிடுவது இதனால்தான்.

குளிர்ந்துவிட்டால் மட்டும் மீன் எவ்வாறு பெருகும்? கடலின் மேற்பரப்பில் வெயில் உண்டு, உரம் இல்லை. நைட்ரேட், பாஸ்பேட் முதலிய சத்துக்களை மேற்பரப்பின் நுண்பாசிகள் விரைவில் தின்று தீர்த்துவிடுகின்றன. இறந்த உயிர்கள் யாவும் கீழே விழுந்து மக்குவதால், ஆழத்தில் உரம் குவிந்து கிடக்கின்றது. அங்கோ வெயில் இல்லை. வயலும் கிணறும் வெவ்வேறு இடத்தில் இருப்பது போன்ற நிலை இது. தென்மேற்குக் காற்று இவ்விரண்டுக்கும் இடையே கமலை பூட்டி இறைக்கின்றது. உரமேறிய நீர் வெயிலைக் கண்டவுடன் டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றைச் சிற்றுயிர்களும் சாளையும் உண்ண, சாளையைச் சீலாவும் சூரையும் உண்ணுகின்றன. உலகக் கடற்பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கேயுள்ள இத்தகைய எழுச்சிப் பகுதிகள், உலகின் மீனில் பாதியளவைத் தருகின்றன என்று அமெரிக்க அறிஞர் ரைதர் 1969-இல் மதிப்பிட்டார். அக்கணக்கு சற்று மிகை என்று பின்வந்தோர் கருதினாலும், பெரு நாட்டின் நெத்தலி மீன் 1970-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டதை எண்ணினால், அவர் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை.

இனி நமது நீரிணைக்கு வருவோம். இராமேசுவரத் தீவும், அதிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் மணல் திட்டுக்களும் கடலை இரண்டாகப் பகுக்கின்றன. வடக்கே பாக்கு நீரிணையும் அதனைச் சார்ந்த விரிகுடாவும். தெற்கே மன்னார் வளைகுடா. அவ்வூர் மீனவர் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர். பெண்கடலின் ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டர் அளவே; அங்கே அடிநீர் என்று தனியே ஒன்று இருக்க இடமில்லை. ஆண்கடலோ தெற்கே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கிவிடுகின்றது. ஆகவே எழுச்சி நிகழும் இடம் நீரிணையன்று, அதன் தெற்கு வாயிலேயாகும். சோழகக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்க, பெண்கடல் குளம்போல் இருக்கும்; வாடைக் காலத்தில் இந்நிலை தலைகீழாகும். இம்மாற்றத்தையறிந்து, பருவத்திற்கேற்ப வள்ளங்களை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வது அவர்தம் வழக்கம். நீரோட்டத்தை அவர்கள் 'நீவாடு' என்பர். வடக்கிலிருந்து வருவது வாநீவாடு. தெற்கிலிருந்து வருவது சோநீவாடு. காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் தனித்தனிப் பெயரிட்டு, இரண்டையும் சேர்த்தே கணக்கிட்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய சொற்களைத் திரட்டி ஓர் அகராதி செய்திருந்தால், நம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர் மீன் சந்தைக்கு அலைய நேர்ந்திராது.

இக்கடலை ஆராய அரசினர் முதன்முதலில் முற்பட்டது மீனுக்காக அன்று, முத்துக்காக. கொற்கையின் முத்தைச் சங்கப் புலவரும் கிரேக்க மாலுமிகளும் அறிவர். ஆயின் 1891-க்குப் பின், இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களில் பத்தாண்டுகளுக்கு மேலாகக் குளிப்பு நடைபெறவில்லை. சிப்பிகள் தோன்றுவதும், சில காலம் கழித்துத் திடீரென மறைவதும் புரியாத புதிராயிருந்தன. இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக் கழகப் பேராசிரியரான ஹெர்ட்மன் 1902-இல் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னல். பருவக் காற்றின் அலைகள் மணலை வாரிவந்து இளஞ்சிப்பிகளை மூடிவிடுகின்றன என்று அவர்கள் கண்டனர். காற்று, நீர், உயிர் ஆகிய மூன்றையும் ஒரே கணக்கிற் சேர்த்த முதல் அறிக்கை அதுவென்று கூறலாம். ஹெர்ட்மன் திரும்பிச் சென்றார். ஹார்னலோ இக்கடலை விட்டு எளிதிற் பிரியவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலோ, 1955-இல் தொடங்கிய குளிப்புக்கள் 1961-ஆம் ஆண்டோடு முடிவுற்றன.

சென்னை மாகாணத்தில் மீன்துறையை உருவாக்கியவர் ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸன். அவர் காலத்தில், 1908-இல், சென்னை அரசின் பணிக்கு வந்த ஹார்னல் அவ்வாண்டே மலபார்க் கரையோரமாக இலட்சத் தீவுகள் வரை ஆய்வுப் பயணம் செய்தார். அந்நாளில் மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. அங்கே சாளை என்னும் மத்தி மீன் சில ஆண்டுகளில் மலைபோற் குவியும். எண்ணெய் எடுத்த சக்கை தோட்டங்களுக்கு உரமாகச் செல்லும். வேறு சில ஆண்டுகளில் ஒரு கூடை மீனும் அகப்படாது. ஹார்னலும் அவருடன் உழைத்த இராமசாமி நாயுடுவும் சாளையின் வயிற்றை அறுத்து, அதன் உணவைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, மலபார்க் கடலின் நுண்ணுயிர்களைப் பற்றிய குறிப்புக்களோடு 1924-இல் நூலாக வெளியிட்டனர். மழைக்காலத்தை ஒட்டிப் பெருகும் நுண்பாசிகளே சாளையின் சோறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஆயின் அந்தச் சோற்றைப் படைப்பது எது என்னும் வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்கு விடை கிடைக்குமுன் ஒரு பஞ்சம் வந்தது. 1940-களின் தொடக்கத்தில் மலபாரில் சாளை அறவே குன்றியது. போர்க்காலம், அரிசியும் அரிது. ஏழை எளியவர் இல்லங்களில் மத்தியே கறியாக இருந்த கரையில் அதுவும் இல்லாது போயிற்று. சிறு மீன்களை வாரி எடுக்கும் வலைகளே காரணம் என்று கருதி, சென்னை அரசினர் 1943-இல் சில வகை வலைகளுக்குத் தடை விதித்தனர். அத்தடையை நாம் குறைகூற வரவில்லை. குஞ்சுகளை விட்டுவைக்க வேண்டும் என்பது தவறாகாது. எனினும் அன்று அந்த ஆணையை எழுதியவர்களிடம் காற்றின் அளவு இல்லை; அடிநீரின் அளவு இல்லை; நுண்பாசி எந்த ஆண்டில் எவ்வளவு விளைந்தது என்னும் கணக்கும் இல்லை. வலை மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை அவர்கள் தடுத்தனர். தடைக்குப் பின்னும் சாளை உடனே திரும்பி வரவில்லை. அது மீண்டும் பழைய அளவிற் பெருகப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் வலையை இழந்தவன் கதியை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கட்டத்திலேதான் பெங்களூர் நமது கதைக்குள் வருகின்றது. மத்திய அரசினர் 1947 பிப்ரவரி 3-ஆம் தேதி தொடங்கிய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் கள்ளிக்கோட்டையில் ஆண்டுக்கணக்காக நீரையும் நுண்பாசியையும் அளந்தனர். ஆர்.வி. நாயர், ஆர். சுப்பிரமணியன் ஆகிய இருவரும், 'பிராஜிலேரியா ஓஷியானிகா' என்னும் ஒருவகை டயாட்டம் பெருகும்போது சாளையும் பெருகுகின்றது. ஆகவே அப்பாசியைக் கண்டால் மீன் வரவை அறியலாம் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினர். அது 1955-இல் வெளிவந்தது பெங்களூரிலிருந்து நடைபெறும் 'கரண்ட் சயன்ஸ்' என்னும் ஏட்டில். மேற்குக் கரையின் நுண்பாசி பற்றிச் சுப்பிரமணியன் எழுதிய பேராய்வு 1959-இல் வெளிவந்ததும் பெங்களூரிலேயே, ஸர் சி.வி. ராமன் 1934-இல் அங்கே நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில். தென்மேற்குப் பருவ மாதங்களிலேயே நுண்பாசி உச்சத்தை எட்டுகின்றது என்று அவர் காட்டினார். மேகம் மூடி வெயில் குன்றிய மாதங்களில் பாசி பெருகுகின்றது என்றால், வெயிலை விட வலிய காரணம் வேறொன்று இருக்கவேண்டும். அக்காரணம் கீழிருந்து வந்த உரமேயாகும்.

மேற்கூறிய நிலையத்தின் தலைமையகம் 1949-இல் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அவ்வூர்ப் பெயரை நேயர்களிற் பலர் தம் பாட்டன் பாட்டி வாயிலாகக் கேட்டிருக்கக் கூடும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை, நோய்த் தடுப்பின் பொருட்டுத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அது. அதனாலேயே ஊருக்கு அப்பெயர் வாய்த்தது. மூட்டையும் முடிச்சுமாய் மக்கள் காத்திருந்த கரையில், விஞ்ஞானிகள் கண்ணாடிக் குப்பிகளோடு வந்து நின்றனர். பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்து வாழும் நம்மனோர் அம்முகாமின் பெயரைச் சற்று நின்றுதான் உச்சரிக்கின்றோம்.

மண்டபத்தின் தனிச் சிறப்பு, ஒரே ஊரிலிருந்து இரண்டு கடல்களையும் அளக்கலாம் என்பது. ஆர். ஜெயராமன் மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் உப்பு, பிராணவாயு, சத்துப்பொருள்கள் ஆகியவற்றின் பருவ மாற்றங்களை அளந்து 1954-இல் வெளியிட்டார். ஆர். ரகு பிரசாத் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். பின்னர் அவரும் பி.வி. ராமச்சந்திரன் நாயரும் கதிரியக்கக் கரியைக் கொண்டு, மன்னார்க் கடலில் நாள்தோறும் எவ்வளவு உணவு விளைகின்றது என்று கணித்து 1963-இல் வெளியிட்டனர். இம்முறையை முன்னரே டென்மார்க் அறிஞர் ஸ்டீமன் நீல்ஸன் 'கலதியா' கப்பற் பயணத்தில் கையாண்டிருந்தார். இவ்வளைகுடா உலகின் செழிப்பான கடல்களோடு ஒப்பிடத் தக்கது என்பது இதனாற் புலனாயிற்று. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாகவும், 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டமைக்கு இத்தகைய ஆய்வுகளே வழிகோலின. பவளம், கடற்பசு, கடற்குதிரை, சங்கு என அங்குள்ள உயிரினங்கள் மூவாயிரத்து அறுநூறு என்பர்.

அடிநீர் எழுச்சி என்றால் எப்போதும் நன்மையே என்று கருதிவிடலாகாது. இதனை உணர்த்தியவர் ஜெர்மனியிலிருந்து கொச்சிக்கு வந்து பணிபுரிந்த கார்ல் பான்சே. புதிதாக வந்த இழுவை மடிப் படகுகள் சில மாதங்களில் நிறைய மீனும், வேறு சில மாதங்களில் வெறும் வலையுமாகத் திரும்பின. கடலடி நீரைக் குப்பியில் எடுத்துச் சோதித்த பான்சே, எழுந்துவரும் குளிர்நீரில் பிராணவாயு மிகக் குறைவு என்றும், அந்நீர் கரையோரத் தரைமீது படரும்போது அடிவாழ் மீன்கள் மூச்சுவிட முடியாமல் அகன்றுவிடுகின்றன என்றும் 1959-இல் எழுதினார். மண்டபத்தில் நிறுவப்பெற்ற இந்தியக் கடல் உயிரியற் சங்கத்தின் முதல் தொகுதியிலேயே அக்கட்டுரை வெளிவந்தது. மேலே சாளைக்கு விருந்து. கீழே தரைமீனுக்குத் திணறல். இரண்டையும் கொணர்வது ஒரே நீர். சந்தை அம்மையார் "வந்துட்டுப் போனாத்தான்" என்று கூறியதன் நுட்பம் பான்சேயைப் படித்த பின்னரே நமக்கு விளங்கிற்று. சத்து மிகுந்தால் நேரும் தீங்குக்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மண்டபத்தை அடுத்த கடலில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பச்சைக் குழம்பெனப் பரவி, மீன்கள் செத்து ஒதுங்கின.

1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் கூடி நடத்திய சர்வதேச இந்துமகா சமுத்திர ஆய்வில், நம் நாட்டுக் கடற்படைக் கப்பலான 'கிருஷ்ணா'வும் பங்கு கொண்டது. அதன் பயனாக 1966 ஜனவரி முதல் நாளில் தேசிய சமுத்திரவியல் ஆய்வுக் கழகம் தோன்றிற்று. மண்டபத்தில் முன்னர்த் தலைமை வகித்த என்.கே. பணிக்கரே அதன் முதல் இயக்குநர். பிற்காலத்தில் அக்கழகத்தார் உள்ளிட்டோர் மற்றொரு புதுமையைக் கண்டனர். உள்ளூர்க் காற்று வலுப்பதற்கு முன்பே குமரியிலும் மலபாரிலும் அடிநீர் சற்றே உயரத் தொடங்கிவிடுகின்றது. வங்கக் கடலிற் புறப்படும் நீண்ட அலைகள் கரையைப் பற்றிக்கொண்டே இலங்கையைச் சுற்றி வந்து அதனை உயர்த்துகின்றன. ஆகவே மலபாரில் மீன் விளைவதற்கு வங்கக் கடலும் துணை செய்கின்றது.

கடல் ஏன் நீலமாயிருக்கின்றது என்று வினவியவர் ராமன். 1921-இல் இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' கப்பலில் திரும்புகையில், கடலின் நீலம் வானத்தின் நிழலன்று, நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறச் செய்வதால் தோன்றுவது என்று அவர் ஆராய்ந்தார். 1933-இல் பெங்களூரில் குடியேறிய அத்திருச்சித் தமிழர், தம் வினாவின் மறுபாதிக்கு அதே நகரம் விடை காணும் என்று எண்ணியிருப்பாரோ அறியோம். நீலக்கடல் எங்கே பச்சையாகின்றது என்பதே அம்மறுபாதி. நுண்பாசியின் பச்சையத்தை வானிலிருந்து அளக்கும் 'ஓஷன்சாட்-1' என்னும் துணைக்கோளைப் பெங்களூரிலுள்ள துணைக்கோள் நிலையத்தார் கட்டி முடிக்க, அது 1999 மே 26-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்றது. அதன் கண் ஆமதாபாத்தில் அமைக்கப்பெற்றது; எட்டு நிறப்பட்டைகளில் நோக்குவது; 360 மீட்டர் அளவுள்ள பகுதிகளைப் பிரித்தறிவது. ஓஷன்சாட்-2 என்பது 2009-இலும், அதற்கடுத்தது 2022-இலும் சென்றன.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகக் கல்வி நிலையத்தைச் சேர்ந்த பி.என். வினயச்சந்திரனும் ஆமதாபாத் அறிஞர்களும், வானிலிருந்து கிடைத்த அத்தகைய நிறப்படங்களைக் கொண்டு 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பருவக் காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரை நெடுகப் பச்சையம் அடர்ந்திருப்பதை அப்படங்கள் காட்டின. கிழக்கு நோக்கி ஓடும் பருவ நீரோட்டம் அப்பச்சையை வாரிக்கொண்டு இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் செல்கின்றது. குமரியை ஒட்டி இறைத்த நீர் வெகு தொலைவிலுள்ள வயலுக்கும் பாய்கின்றது என்று கொள்ளலாம். எனினும் வானத்துக் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. எழுச்சி நிகழும் மாதங்களிலேயே மேகமும் மூடுவதால், வேண்டிய நாளில் கடல் தெரிவதில்லை. ஆகவே 2016 ஜூன், ஜூலையில் வினயச்சந்திரன் குழுவினரும் ஆங்கில நாட்டு அறிஞரும் 'சிந்து சாதனா' கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, கொந்தளிக்கும் கடலிலேயே சென்று அளந்தனர்.

இத்துணை அளந்த பின்னும் சாளை தன் பழக்கத்தை விடவில்லை. கேரளத்தில் 2012-ஆம் ஆண்டு ஏறத்தாழ நான்கு லட்சம் டன் கிடைத்த அம்மீன், 2021-ஆம் ஆண்டு 3,297 டன்னாகச் சுருங்கிற்று. கடல் சூடேறியதும், எல் நினோவும், மிகையாகப் பிடித்தமையும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இம்முறை எவரும் வலையை மட்டும் பிடித்துக்கொண்டு விசாரிக்கவில்லை என்பதை 1943-க்குப் பின் நேர்ந்த மாறுதலாகக் கொள்ளலாம். வலைகள் இன்று பன்மடங்கு பெருத்துவிட்டமையால் அவற்றை அறவே விடுவிக்கவும் இயலாது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையம், மீன் திரளக்கூடிய இடங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளிற் கரையோர மக்களுக்கு அறிவித்து வருகின்றது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளுக்கு ஓய்வு; கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒக்கலிபுரத்தில் மீன் விலை ஏறும்போது வியாபாரியோடு வழக்காடும் நாம் இத்தேதிகளை நினைவிற் கொள்வதில்லை.

சென்ற ஆடியில் அந்த அம்மையாரை மீண்டும் கண்டோம். கூடையில் சாளை இருந்தது. கன்னடக்காரர் ஒருவர் அதனைப் பூதாய் என்றும், மலையாளத்தார் மத்தி என்றும் கேட்டு வாங்கிச் சென்றனர். ஊரில் காற்று எப்படி என்றோம். "இந்த வருசம் கச்சான் லேட்டு அண்ணாச்சி. தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்காம். பாப்பம்" என்றார். அவர் மகன் குமரிக் கரையிலிருந்து அன்று காலை தொலைபேசியிற் கூறியதாம். ஐப்பசியில் காற்றுத் திசை மாறி, வாடை பிடித்து, வாநீவாடு தொடங்கும்போது பெண்கடலில் நிகழ்பவை வேறு. அவற்றைப் பிறிதொரு சமயம் காண்போம்.